தண்ணிக்குள்ளே ஒரு செட்டை

விங் ஃபொயில் பழகுகிறேன் என்று சொன்னால் எங்கட ஆக்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதலாவது, "உது என்ன, பட்டம் விடுறதோ?" இரண்டாவது, "உனக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை?" முதலாவதுக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்குத்தான் நூறு வருடக் கதை ஒன்று சொல்லவேண்டிக் கிடக்கிறது. நேரம் உள்ளவர்கள் ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து இருங்கோ.

முதலில் சாமானைச் சொல்லிவிடுகிறேன். ஆள் நிற்க ஒரு கட்டையான பலகை. பலகைக்கு அடியில் முக்கால் மீற்றர் அளவில் கீழ்நோக்கி ஒரு தண்டு. தண்டின் நுனியில் சின்ன விமானம் மாதிரி ஒன்று பூட்டியிருக்கும்: முன்னுக்கு ஒரு பெரிய செட்டை, பின்னுக்கு ஒரு சின்னச் செட்டை. இது முழுக்கத் தண்ணிக்குள் இருக்கும். இதற்குத்தான் ஃபொயில் என்று பெயர். கையில் காற்றடித்த இன்னொரு செட்டை, வௌவாலின் செட்டையைப் போல. அதுதான் விங். பலகைக்கும் கைச்செட்டைக்கும் நடுவில் கயிறோ பாய்மரமோ கிடையாது. இரண்டையும் தொடுக்கிறது நடுவில் நிற்கிற மனிதன் மட்டும்தான்.

காற்று இழுக்கப் பலகை ஓடத் தொடங்கும். வேகம் ஓரளவு கூடினதும் தண்ணிக்குள் இருக்கிற செட்டை பலகையையும் ஆளையும் மேலே தூக்கும். பலகை தண்ணியை விட்டுக் கிளம்பிவிடும். அதுவரைக்கும் சளக் சளக் என்று அடித்துக்கொண்டிருந்த சத்தம் அப்படியே நின்றுபோகும். கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒருவன் தண்ணிக்கு மேலே அந்தரத்தில் நின்றுகொண்டு போவது போலத் தெரியும். அவ்வளவுதான் விசயம்.

கையில் பிடிக்கிற இந்த விங் 2019 அளவில்தான் கடைகளுக்கு வந்தது. ஆகவே இது நேற்று முளைத்த பணக்கார விளையாட்டு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தண்ணிக்குள் இருக்கிற செட்டைக்கோ வயது நூறைத் தாண்டிவிட்டது. அதைவிடப் புதினம், அந்தச் சரித்திரத்தின் இரண்டு முக்கியமான சம்பவங்கள் நான் வேலை செய்கிற ரெஸ்ரோரண்டுக்கு முன்னால் கிடக்கிற ஏரியில்தான் நடந்திருக்கின்றன.

ஏரியின் பெயர் லாகோ மஜோரே. 60 கிலோமீற்றருக்கும் கூடின நீளம். வடக்குத் துண்டு சுவிசின் ரிச்சினோ மாநிலத்தில், மிச்சம் இத்தாலியில். கடல் மட்டத்தில் இருந்து 193 மீற்றர். மலைநாடு என்று பெயரெடுத்த சுவிசிலேயே ஆகப் பதிவான இடம் இந்த ஏரிதான். வடக்கு முனையில் லொக்கார்னோ. உல்லாசப் பயணிகளை நம்பிப் பிழைக்கிற ஊர். ஆகவே என்னைப் போன்ற கிச்சின் ஆட்களுக்கும் அங்கே வேலை உண்டு.

1906ஆம் ஆண்டு இந்த ஏரியில் என்ரிக்கோ ஃபோர்லானினி என்ற இத்தாலிய எஞ்சினியர் ஒரு வள்ளத்தை ஓட்டிக் காட்டினார். மிலானைச் சேர்ந்தவர். 1877இலேயே ஆளில்லாத நீராவி ஹெலிகொப்ரர் ஒன்றைச் செய்து 13 மீற்றர் உயரத்துக்கு எழுப்பிக் காட்டினவர். மிலானில் லினாத்தே விமான நிலையத்தில் இறங்கினவர்கள் அவருடைய பெயரைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள், அந்த நிலையத்துக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவருடைய வள்ளத்தின் அடியில் ஏணிப்படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் செட்டைகள் பூட்டியிருந்தன. ஓடும்போது வள்ளத்தின் உடம்பு முழுக்கத் தண்ணியை விட்டு மேலே வந்தது. வேகம் மணிக்கு 68 கிலோமீற்றர் அளவு. குதிரைவண்டிகள் ஓடித்திரிந்த காலத்தில் தண்ணிக்கு மேலே 68 கிலோமீற்றர்!

இந்த வகை வள்ளத்துக்கு இத்தாலியன் மொழியில் அலிஸ்காஃபோ என்று பெயர். ஆலா என்றால் செட்டை, ஸ்காஃபோ என்றால் வள்ளத்தின் உடல். செட்டைவள்ளம். தமிழில் நாங்களும் அப்படியே சொல்லலாம், குறை ஒன்றும் வராது.

இனிக் கொஞ்சம் பௌதிகம். பயப்பிட வேண்டாம், கொஞ்சம்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் அரைகுறையாய் விட்டுவிட்டு வந்த பாடம் அது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்ட பிறகு படிப்பும் பூட்டுப்பட்டது, அடுத்த வருடம் நான் நாட்டிலேயே இல்லை. படித்ததில் மிஞ்சினதைச் சொல்கிறேன்.

தண்ணி காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. செட்டை தன்னைக் கடந்து போகிற தண்ணியைக் கீழே தள்ளுகிறது, தண்ணி பதிலுக்குச் செட்டையை மேலே தள்ளுகிறது. விமானத்துக்கும் இதே கணக்குத்தான். ஆனால் தண்ணி இவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் ஒரு மனிதனைத் தூக்க மூன்று ஏ4 தாள் அளவுள்ள செட்டை போதும். அதே வேகத்தில் காற்றில் தூக்குவதென்றால் அதைப்போல 800 மடங்கு பெரிய செட்டை வேண்டும். 1861இல் லண்டன் பக்கத்தில் சறே கால்வாயில் தோமஸ் மோய் என்பவர் செட்டைகளைத் தண்ணிக்குள் இழுத்துப் பரிசோதித்தாராம். அவருக்குத் தேவைப்பட்டது வள்ளம் இல்லை, விமானம்! செட்டையின் குணத்தைப் பார்க்கக் காற்றைவிடத் தண்ணி வசதி என்று கண்டுபிடித்திருந்தார்.

இரண்டாவது கணக்குத்தான் முக்கியம். தூக்குகிற விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தூக்குதல் நாலு மடங்கு. இப்போது யோசித்துப் பாருங்கோ. வள்ளம் தண்ணியில் கிடக்கும்வரைக்கும் தண்ணி அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். மேலே எழும்பின உடனே அந்த இழுவை விட்டுவிடும். இழுவை விட்டதும் வேகம் பாயும். வேகம் பாய்ந்ததும் தூக்குதல் இன்னும் கூடும். இன்னும் மேலே போகும். போய்ப் போய்க் கடைசியில் செட்டையே தண்ணிக்கு வெளியில் வந்துவிடும். வெளியில் வந்த செட்டைக்குப் பிடிமானம் இல்லை. தொப்பென்று விழவேண்டியதுதான்.

எழும்புவது கஷ்டமில்லை. எழும்பின உயரத்தில் நிற்பதுதான் பெரும்பாடு. இந்தச் செட்டையின் நூறு வருடச் சரித்திரம் முழுக்க இந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் தேடின விடைகள்தான்.

ஃபோர்லானினியின் விடை ஏணி. வள்ளம் மேலே போகப் போக ஏணியின் மேற்படிகள் ஒவ்வொன்றாகத் தண்ணிக்கு வெளியில் வந்துவிடும். வெளியில் வந்த படி தூக்காது. ஆகவே பாரத்துக்குச் சரியான உயரத்தில் வள்ளம் தானாக நின்றுவிடும். எவ்வளவு எளிமையான யோசனை!

இந்தப் புதினம் அத்திலாந்திக்கைத் தாண்டியும் போனது. தொலைபேசியால் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய கூட்டாளி கேசி பால்ட்வினும் 1910, 1911இல் உலகம் சுற்றினபோது இத்தாலிக்கு வந்து ஃபோர்லானினியைச் சந்தித்து, இந்த ஏரியில் அவருடைய வள்ளத்தில் ஏறி ஓடிப் பார்த்தார்கள். திரும்பிப் போய்க் கனடாவின் நோவா ஸ்கோசியாவில் பாடெக் என்ற ஊரில் தாங்களும் கட்டத் தொடங்கினார்கள். ஏணிச் செட்டைகளோடு அவர்கள் கட்டின எச்டி-4 என்ற வள்ளம் 1919 செப்டெம்பர் 9ஆம் திகதி மணிக்கு 114 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி உலக சாதனை வைத்தது. பெல்லுக்கு அப்போது 72 வயது. (நாற்பது வயதில் உனக்கேன் என்று கேட்கிறவர்கள் கவனிக்கவும்.) போருக்கு உதவும் என்று எதிர்பார்த்த வள்ளத்தை எந்தக் கடற்படையும் வாங்கவில்லை. அது கரையில் கிடந்து இற்றுப்போனது. மிஞ்சின உடலைப் பாடெக்கில் உள்ள பெல் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். கனடாவில் இருக்கிற வாசகர்கள் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கோ.

அடுத்த விடை ஜேர்மன்காரர் ஹான்ஸ் ஃபொன் ஷெர்ட்டலுடையது. 1927இல் பரிசோதனைகளைத் தொடங்கினார். ஏணியை எடுத்துவிட்டு, வி எழுத்துப் போல இரண்டு பக்கமும் மேல்நோக்கி மடிந்த செட்டையை வைத்தார். வள்ளம் மேலே போனால் வி-யின் இரண்டு நுனிகளும் வெளியில் வந்து தூக்குதல் குறையும். ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கத்துச் செட்டை கூடுதலாகத் தண்ணிக்குள் போய் அதுவே நிமிர்த்தும். இரண்டாம் உலகப்போரில் இந்த வள்ளங்களை ஜேர்மன் படைகளுக்காகவும் செய்தார்கள். போர் முடிந்த பிறகு ஜேர்மனியில் வேகமான வள்ளங்கள் கட்டத் தடை வந்தது. ஷெர்ட்டல் சுவிசுக்கு வந்து 1952இல் லூட்சேர்னில் சுப்ராமார் என்ற கொம்பனியைத் தொடங்கினார்.

அவர்களுடைய முதல் பயணிகள் வள்ளத்துக்கு ஃப்ரெச்சா டோரோ என்று பெயர். தங்க அம்பு. 32 பேர் இருக்கலாம். 1953இல் அது ஓடத் தொடங்கின பாதை, லொக்கார்னோவில் இருந்து இத்தாலிப் பக்கத்து அரோனா வரைக்கும். ஆம், இதே ஏரி. டிக்கெட் எடுத்த சனங்கள் செட்டைவள்ளத்தில் பயணம் செய்த உலகத்தின் முதல் சேவை அது. பிறகு இத்தாலியில் மெசினா நீரிணையைக் கடக்க 1956இல் இன்னொன்று வந்தது. ரஷ்யாவில் ரொஸ்திஸ்லாவ் அலெக்சேயெவ் தன்னுடைய வழியில் ஆழமில்லாத ஆறுகளுக்கென்று ரக்கேத்தா என்ற வள்ளத்தைக் கட்டி, 1957இல் வொல்கா ஆற்றில் கோர்க்கியில் இருந்து கசான் வரைக்கும் 420 கிலோமீற்றரை ஏழு மணித்தியாலத்தில் ஓட்டிக் காட்டினார்.

ஏணியிலும் வி-யிலும் ஒரு குறை இருந்தது. செட்டையின் ஒரு பகுதி எப்போதும் தண்ணிமட்டத்தை வெட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே அலை வந்தால் வள்ளமும் சேர்ந்து குலுங்கும். முழுச் செட்டையையும் ஆழத்துக்குள் விட்டால் அலை மேலே தன்பாட்டில் போகும், வள்ளம் ஆடாது. ஆனால் ஆழத்துக்குள் போன செட்டைக்குத் தான் எந்த உயரத்தில் நிற்கிறேன் என்று தெரியாது. யாராவது ஒருவர் கணமும் விடாமல் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். போயிங் கொம்பனி 1974இல் இறக்கின ஜெற்ஃபொயில் வள்ளத்தில் அந்த வேலையைக் கம்பியூட்டர் செய்தது. ஹொங்கொங்கில் இருந்து மக்காவுக்கு 1975இல் அந்தச் சேவை தொடங்கியது. விமானம் செய்கிற கொம்பனி வள்ளம் செய்ய வந்ததில் அதிசயம் இல்லை, இரண்டும் ஒரே பிரச்சினைதான்.

இடையில் எங்கட பெயரும் ஒருக்கால் வந்துபோகிறது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கா கப் போட்டியில் 22 மீற்றர் நீளமான பாய்க்கப்பல்கள் செட்டைகளில் எழும்பி மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடின. 8-1 என்று பின்னுக்கு நின்ற அமெரிக்கக் குழு நியூசிலாந்தை 9-8 என்று வென்றது அப்போதுதான். அந்தக் கப்பல்களின் வகைக்குக் கட்டமரான் என்று பெயர். எங்கட கட்டுமரம். வில்லியம் டம்பியர் என்ற ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையில் கேட்ட சொல்லை 1697இல் வெளிவந்த தன்னுடைய பயணப் புத்தகத்தில் எழுதினார். அது அப்படியே ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. இதைச் சொல்லி எங்கட ஆக்கள் நெஞ்சை நிமிர்த்துவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் நியாயமாகச் சொன்னால், மரங்களைச் சேர்த்துக் கட்டினதுதான் எங்கட கட்டுமரம். இரண்டு உடலைச் சட்டம் போட்டு இணைக்கிற கப்பல் பசிபிக் தீவுக்காரருடைய அறிவு. வெள்ளைக்காரர் எங்கட சொல்லை எடுத்து அவர்களுடைய வள்ளத்துக்கு வைத்துவிட்டார்கள். பெயர் ஒருவருடையது, பொருள் இன்னொருவருடையது. இரண்டு பேருக்கும் பங்கு எழுதினால்தான் சரித்திரம் சரியாக இருக்கும்.

பங்கு என்றதும் கைச்செட்டையின் கதை வருகிறது. அதற்குப் பாட்டன் விண்ட்சேர்ஃபிங், அதாவது பலகையில் பாயை நட்டு ஓட்டுவது. 1958இல் இங்கிலாந்தின் ஹெய்லிங் தீவில் பீற்றர் சில்வேர்ஸ் என்ற 12 வயதுப் பெடியன் ஒரு பலகையில் பாய் கட்டி ஓடியிருக்கிறான். 1964இல் அமெரிக்காவில் பெயர்ப்பலகை எழுதுகிற தொழிலாளியான நியூமன் டார்பி தன் பாட்டில் ஒன்றைச் செய்தார். 1965இல் பத்திரிகையில் விளக்கமும் எழுதினார், ஆனால் காப்புரிமை எடுக்கவில்லை. கலிஃபோர்னியாவில் ஹொயில் ஷ்வைட்சரும் விமான எஞ்சினியர் ஜிம் ட்ரேக்கும் 1968இல் விண்ணப்பித்து 1970இல் காப்புரிமை பெற்றார்கள். காசும் பெயரும் அந்தப் பக்கம் போனது. பிறகு இங்கிலாந்தில் வழக்கு நடந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காப்புரிமை அங்கே செல்லாது என்றது. அதற்கு ஆதாரமாக வந்து நின்றது, 12 வயதுப் பெடியன் விளையாட்டாய்ச் செய்த அந்தப் பலகை!

ஆனாலும் ட்ரேக்கின் யோசனையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பாய்மரம் எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாதிரி அடியில் ஒரு மூட்டு வைத்தார். சுக்கான் தேவையில்லை. பாயைச் சாய்த்தால் பலகை திரும்பும். சமநிலையைப் பார்க்கிற வேலையை இயந்திரத்திடம் இருந்து பறித்து மனித உடம்பிடம் கொடுத்த யோசனை அது. 1984இல் விண்ட்சேர்ஃபிங் ஒலிம்பிக்குக்குப் போனது.

அதே 1984இல் பிரான்சின் பிரெத்தான் கரையைச் சேர்ந்த லெகெய்னு சகோதரர்கள் காற்றடித்த குழாய் விளிம்போடு ஒரு பட்டத்துக்குக் காப்புரிமை எடுத்தார்கள். தண்ணியில் விழுந்தாலும் தாழாத பட்டம். 1990ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் மைக் மேர்ஃபி என்பவரும் பொப் வூலியும் ஃபொயில் பூட்டின கதிரை ஒன்றைச் செய்து, படகின் பின்னால் இருந்தபடி இழுபட்டார்கள். ஹவாயின் லெயர்ட் ஹமில்ட்டன் அதைப் பலகையில் பூட்டி எழும்பி நின்றார். பிறகு ஆளாளுக்கு அந்தத் தண்டு நீளமாகிப் பலகை கட்டையானது. 2018, 2019இல் ஹவாயின் மாவி தீவில் பழைய விண்ட்சேர்ஃபிங் சம்பியன் கென் வின்னர் போன்றவர்கள் காற்றடித்த கைச்செட்டையைத் திருத்தமாக்க, டுவோடோன் என்ற கொம்பனி அதைச் சந்தைக்கு விட்டது. ஒலிம்பிக்குக்கு விங் ஃபொயில் இன்னும் போகவில்லை. அதன் அண்ணன்மார் போய்விட்டார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மார்செயில் கடலில் ஓடின பாய்ப்பலகையும் பட்டப்பலகையும் ஃபொயிலில்தான் ஓடின.

இப்போது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கோ. பட்டத்தில் இருந்து குழாய், விண்ட்சேர்ஃபிங்கில் இருந்து பலகையும் கைபிடியும், ஃபோர்லானினியில் இருந்து செட்டை. போயிங் வைத்த கம்பியூட்டர் இல்லை. ட்ரேக் வைத்த மூட்டும் இல்லை. கம்பியூட்டர் எங்கட கால், மூட்டு எங்கட முழங்கால். நாற்பத்திரண்டு வயது முழங்கால்!

இதைப் பழகுகிறது எப்படியென்றால், முதலில் தண்ணியே இல்லை. புல்தரையில் நின்று கைச்செட்டையை மட்டும் பிடித்துக் காற்று எங்கே பிடிக்கும், எங்கே விடும் என்று கை பழகவேண்டும். பிறகு பெரிய பலகை. 75 கிலோ ஆளுக்கு 115 லீற்றர் அளவில் மிதக்கக்கூடியது. அதில் முழங்காலில் இருந்து ஓடவேண்டும். பிறகு எழும்பி நின்று ஓடவேண்டும். ஹெல்மெட், மிதவைச் சட்டை, பலகையையும் கைச்செட்டையையும் உடம்போடு பிணைக்கிற கயிறு, குளிருக்கு ரப்பர் உடுப்பு, இது நாலும் கட்டாயம். ஃபொயில் விளிம்பு கத்தி மாதிரி. விழுகிறபோது அதற்குத் தூரமாக விழவேண்டும். முதல் நாள் படிப்பிக்கிறதே எப்படி விழுகிறது என்றுதான்.

பிறகு ஒருநாள் அது எழும்பும். அந்த நேரத்தில் எல்லாப் பழகுநருக்கும் ஒரே சங்கதிதான் நடக்கும். எழும்பினதும் உடம்பு பயத்தில் பின்னுக்குச் சாயும். பின்காலில் பாரம் போனால் செட்டையின் மூக்கு நிமிரும். வேகத்தின் வர்க்கம் தன் வேலையைக் காட்டும். இரண்டு செக்கனில் செட்டை வெளியில், ஆள் உள்ளே. அதற்கு மருந்து, எழும்புகிற அதே கணத்தில் முன்காலை அழுத்துவது. மேலே போகிறபோது கீழே அழுத்தவேண்டும். மூளைக்கு இது உடனே விளங்கும். காலுக்கு விளங்க எனக்கு ஒரு கோடை முழுக்க எடுத்தது. 2023 ஜூனில் தொடங்கி செப்டெம்பர் கடைசியில்தான் நான் ஐம்பது மீற்றர் தொடர்ந்து எழும்பி ஓடினேன். ஃபோர்லானினியின் ஏணி, ஷெர்ட்டலின் வி, போயிங்கின் கம்பியூட்டர் எல்லாம் செய்த வேலையை என்னுடைய இடது பாதம் ஐம்பது மீற்றருக்குச் செய்தது. அந்தச் சந்தோசத்தை விளங்கப்படுத்த எனக்குச் சொல் இல்லை.

"சரி, இதுக்கு உனக்கு நேரம் எங்காலை?" ரெஸ்ரோரண்டில் வேலை செய்த ஆட்களுக்குச் சிம்மர்ஸ்துண்ட என்றால் தெரியும். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு வெளியில் விடுவார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஐந்து மணிக்குத் திரும்பி வரவேண்டும். நடுவில் மூன்று மணித்தியாலத்துக்குச் சம்பளமும் இல்லை, வீட்டுக்குப் போய்வர நேரமும் இல்லை. இந்த நாட்டுக் கிச்சின்களில் எங்கட ஆக்கள் எத்தனை ஆயிரம் மணித்தியாலத்தை அப்படிச் சாமான் அறைக் கதிரையில் நித்திரைகொண்டு கழித்திருப்பார்கள்! நானும் பதினைந்து வருடம் கழித்தேன். அந்த மூன்று மணித்தியாலம்தான் இந்த ஏரியில் காற்று வருகிற நேரம். காலையில் வடக்கில் இருந்து திரமொந்தானா. வெயில் ஏறி மலைச்சரிவு சூடாகினதும் காற்று மேலே கிளம்ப, அந்த இடத்தை நிரப்பத் தெற்கில் இருந்து ஏரிவழியே இன்வேர்னா வரும். நல்ல கோடைநாளில் இரண்டு மணிக்கு அது கரைக்கு வந்து நிற்கும், நானும் ஏப்ரனைக் கழற்றிப்போட்டு வந்து நிற்பேன்.

காசையும் மறைக்காமல் சொல்கிறேன். புதுச் சாமான் வாங்கக் கட்டாது. எங்கட கிச்சினில் கோப்பை கழுவுகிற போர்த்துக்கல்காரனும் நானும் சேர்ந்து பழைய செட் ஒன்றை 1,800 பிராங்குக்கு எடுத்தோம். ஒருவன் தண்ணியில், ஒருவன் கரையில். கரையில் ஒருவன் நிற்பது பாதுகாப்புக்கும் நல்லது.

இனி இரண்டாவது கேள்வி. உனக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை?

தேவையில்லாத வேலைதான். அதுதான் பதிலே. நாங்கள் வளர்ந்த காலத்தில் கடல் தடைசெய்யப்பட்ட இடம். நேவி கிழிச்ச கோட்டுக்கு அங்கால மீன்பிடிக்கிற சனமே போகேலாது. நான் கிணற்றடிக்கும் குளத்துக்கும் அங்கால நீந்தினதில்லை. இங்கே வந்த பிறகு உடம்பு என்றால் வேலை செய்கிற சாமான். பதினாலு மணித்தியாலம் நிற்கிற கால், சட்டி தூக்குகிற கை, முதுகு நோவு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் நீந்தப் பழக்கிவிடுகிறது. தாய் தகப்பன் கரையில் துவாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஏரிக்கரை எங்களுக்குக் கோழிக்கால் சுடுகிற இடம் மட்டும்தான். தண்ணி வெள்ளைக்காரருடையது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. நாங்களாகவே அப்படி நினைத்துக்கொண்டோம்.

சரித்திரத்தைப் படித்தால் அப்படி ஒரு எல்லையைக் காணவில்லை. பெயர்ப்பலகை எழுதினவனும் பன்னிரண்டு வயதுப் பெடியனும் பசிபிக் தீவுக்காரனும் கை வைத்த சாமான் இது. தண்ணிக்குள் இருக்கிற செட்டைக்கு நிற்கிறவனுடைய பாஸ்போட் தெரியாது, பாரம் முன்காலிலா பின்காலிலா என்று மட்டும்தான் தெரியும். அகதி விசாரணையில் நான் பதில் சொன்ன கேள்விகளைவிட இந்தக் கேள்வி நேர்மையானது.

எல்லாரும் விங் ஃபொயில் பழகுங்கோ என்று நான் சொல்லவில்லை. முதலில் நீந்தப் பழகுங்கோ. அனேகமான ஊர் நீச்சல் தடாகங்களில் பெரியாக்களுக்கும் வகுப்பு வைக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, என்னோடு பழகினவர்களில் அறுபது வயது மனிசியும் இருந்தா. அதற்குப் பிறகு எந்தத் தண்ணிக்கு வேண்டுமானாலும் போகலாம். லொக்கார்னோ பக்கம் கோடையில் வருகிறவர்கள் பின்னேரம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் கரைக்கு வாருங்கோ. காற்று இருந்தால் நான் தண்ணியில் நிற்பேன். காற்று இல்லாவிட்டால் புல்தரையில் இருந்து கதைக்கலாம், ஐந்து மணிக்கு நான் வேலைக்குப் போகவேணும்.